நூல் துணுக்குகள்: இரண்டால் வகுக்கவும்

வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவள் பெயர் புழக்கத்தில் இல்லை. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வாயிற்காவலர் முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவள் பாசியம்மா. வயது ஐம்பத்தொன்று, சர்வீஸ் பத்தொன்பது வருடம், படிப்பு பள்ளி இறுதியும் ஆறு மாத ஆய்வகப் பயிற்சியும். கேட்டால் இதையெல்லாம் அவளே வரிசையாகச் சொல்லிவிடுவாள். அடக்கத்தினால் அல்ல. இத்தனை குறைந்த படிப்பை வைத்துக்கொண்டு இத்தனை தெரிந்துவைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா என்று கேட்டவர் தானாகவே யோசிக்க வேண்டும் என்பதற்காக.

அவளுடைய வேலை எண்ணுவது. நீர்த்தேக்கத்திலிருந்து புட்டிகளில் வரும் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் விட்டு, நுண்ணோக்கியின் கீழே வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுவது. என்னென்ன இருக்கின்றன என்று அவள் சொல்வதில்லை. யார் யார் என்றுதான். இரண்டாம் மாடியில் வடக்கு பார்த்த ஜன்னலோரம் அவள் மேசை. நுண்ணோக்கியின் இடது குழலில் விரிசல் விட்டு, அதன் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். வலது கை பென்சிலைப் பிடித்திருக்க, இடது கை கட்டைவிரல் ஓர் இரும்பு எண்ணியை டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டே இருக்கும். பக்கத்து அறைக்காரர்களுக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் கவலை வரும்.

தண்ணீரைப் பச்சையாக்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு செல்லால் ஆனவை. கை கிடையாது, கால் கிடையாது, வயிறு கிடையாது. ஆள் மொத்தமே ஒரு செல். அதற்குள் வெயிலைச் சாப்பாடாக்கும் பச்சைக் கிண்ணம் ஒன்று, அந்தச் சாப்பாட்டை மாவாகச் சேர்த்துவைக்க ஒரு மணி, நடத்திவைக்க ஒரு கரு. குடித்தனம் அவ்வளவுதான். புத்தகங்கள் இவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்களை வைத்திருந்தன. பாசியம்மாவின் வாயில் அவை சிரமமில்லாமல் நுழைந்தன. வெளியே வரும்போதுதான் வேறாக வந்தன. இரண்டு சாட்டைகளைச் சுழற்றிக்கொண்டு ஓடும் கிளமிடோமோனஸ் அவளுக்கு நீச்சல்காரி. சாட்டையும் இல்லாமல் சலனமும் இல்லாமல் உருண்டுகிடக்கும் குளோரெல்லா, பந்து. வளைந்து இரு முனையும் கூரான குளோஸ்டீரியம், பிறை. இடுப்பு சிறுத்து, இடது பாதியைக் கண்ணாடியில் பார்த்தது போல வலது பாதியும் கொண்ட காஸ்மேரியம், கண்ணாடிக்காரி.

அவள் அலமாரியில் முப்பது வருட இடைவெளியில் வந்த இரண்டு புத்தகங்கள் இருந்தன. பழையதில் பச்சை உருண்டைகள் எல்லாம் ஒரே குடும்பம். புதியது மரபணுவைப் படித்துப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்தையே கலைத்திருந்தது. உருண்டையாக இருப்பது உறவுக்கு அடையாளமே இல்லையாம். சும்மா மிதக்கிறவர்களுக்கு உருண்டையாவது வசதி என்பதால், ஒட்டும் உறவும் இல்லாத வெவ்வேறு வம்சத்தார் தனித்தனியாக உருண்டிருக்கிறார்கள். நீச்சல்காரி என்று ஒரே பெயரில் இருந்தவர்களும் அப்படித்தான், பல கிளைக்காரர்கள். இதைப் படித்துப் பாசியம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "எங்க வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே வயித்துல பொறந்தவங்க. பாத்தா யாராவது சொல்லுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு புத்தகங்களையும் ஒரே தட்டில் வைத்தாள்.

ஆனால் தண்ணீர் நிலையத்துக்கு வம்சாவளி தேவையில்லை. அதற்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: இன்றைக்கு வந்திருப்பவர் நீந்துவாரா, மாட்டாரா? பந்துகள் சாதுவானவை. படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் அழுக்கோடு அழுக்காகத் திரண்டு அடியில் படிந்துவிடும். நீச்சல்காரிகள் அப்படியில்லை. படிந்த திரளிலிருந்து நெளிந்து வெளியே வந்து, மணல் வடிகட்டியின் இடுக்குகளில் புகுந்து, மறுபக்கம் எட்டிப்பார்ப்பார்கள். அவர்கள் வந்தால் முதலில் குளோரின் ஊற்றிக் கொன்றுவிட்டு அப்புறம்தான் படிகாரம். தேவையில்லாத நாளில் குளோரினை முன்னால் ஊற்றினாலோ குழாயைத் திறந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஆகவே தினமும் காலை ஒரு சீட்டில் 'நீச்சல்' அல்லது 'பந்து' என்று எழுதிக் கீழ்த்தளத்துக்கு அனுப்புவது அவள் கடமை.

கீழ்த்தளத்தில் இருந்தவர் நிலையத்தின் வேதியியலாளர். எல்லோரும் அவரைக் குளோரின் சார் என்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு வந்தவர். முறையான பட்டம் வாங்கியவர். வாய்த்துடுக்குக்கு எங்கே பட்டம் வாங்கினார் என்று தெரியவில்லை.

"பாசியம்மா, உங்க பந்து நேத்து என் மணல்ல நீச்சலடிச்சிட்டுப் போயிருக்கு" என்பார்.

"பந்துக்கு நீச்சல் தெரியாது சார். உங்க மணல் சரியில்ல. மாத்துங்க."

"மணல மாத்தி மூணு மாசம்தான் ஆகுது."

"அப்ப மாத்தினவர மாத்துங்க."

இது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். இதில் இருவருக்கும் ஒரு சந்தோஷம் இருந்ததால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பாசியம்மாவின் பெருமை ஒரு திறவுகோல். பூட்டுக்கான சாவி அல்ல, பாசிக்கான சாவி. எண் போட்ட இரட்டைக் கேள்விகளின் வரிசை அது. ஒன்று: சாட்டை உண்டா? உண்டென்றால் இரண்டாம் எண்ணுக்குப் போ. இல்லையென்றால் ஒன்பதுக்குப் போ. ஒன்பது: வளைந்திருக்கிறதா, உருண்டிருக்கிறதா? இப்படியே பதில் சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு பெயரில் போய் நிற்போம். புத்தகத் திறவுகோல்கள் பேராசிரியர்களுக்காக எழுதப்பட்டவை. பாதி வழியில் ஆளைக் காட்டில் விட்டுவிடும். அவளுடையது, மதியச் சாப்பாட்டுக்கு முன் பதில் சொல்லியாக வேண்டியவர்களுக்கானது. படங்கள் எல்லாம் அவளே பென்சிலில் போட்டவை.

வீட்டிலும் அவளுக்கு அதே பழக்கம். மூக்குக்கண்ணாடி காணாமல் போனால் தேடமாட்டாள், கேள்வி கேட்பாள். "வீட்டுக்குள்ளயா வெளியவா? உள்ளன்னா, இடுப்புக்கு மேலயா கீழயா?" லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், கேள்வி மூன்றை எட்டுவதற்குள் கண்ணாடியைக் கண்டெடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

"உன் திறவுகோல்ல நான் எத்தனாவது எண்ணும்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நகரும் வகை" என்றாள். "ஆனா சொன்னாத்தான் நகரும்."

இந்தத் திறவுகோலைத்தான் தலைமைப் பொறியாளர் நூலாக அச்சிட ஏற்பாடு செய்திருந்தார். நாற்பத்தெட்டுப் பக்கம், முந்நூறு பிரதி, வட்டாரத்திலுள்ள எல்லாத் தண்ணீர் நிலையங்களுக்கும் ஒவ்வொரு கட்டாகப் போகும். அட்டையில் அவள் பெயர். அதுவரை அவள் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையிலும் வாக்காளர் பட்டியலிலும்தான். இரண்டுமே அவளைக் கேட்டுப் போட்டவை அல்ல. திங்கட்கிழமை மெய்ப்புத் தாள்கள் வந்தன. திருத்தம் பார்த்து, கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். தவறினால் அச்சகம் வேறு வேலையை ஏற்றிவிடும். இந்த நூல் அடுத்த ஆண்டுக்கு ஒரு குழுவிடம் போகும். குழு போடும் நூல்களில் ஆசிரியர் பெயர் இருக்காது. குழு என்று மட்டும்தான் இருக்கும்.

திங்கட்கிழமை முழுக்க மெய்ப்பில் அவள் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை. அதில் அவளுக்கு ஆச்சரியமும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் ஒரு வெற்றிடம் இருந்தது. பந்து தன் கூட்டுக்குள்ளேயே நான்காகப் பிரிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு நான்கு குட்டிப் பந்துகளாக வெளியே வரும். அந்தப் படம் இன்னும் போடவில்லை. அதை உயிரோடு பார்த்துத்தான் வரைய வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நீர்த்தேக்கத்துக்கு இரண்டு வாய்கள். பக்கத்திலேயே இருக்கும் கோபுரம் ஒன்று. எதிர்க்கரையில் தூரக் குழாய் இன்னொன்று. கோபுரத்துப் புட்டி பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும், உயிரோடு. எதிர்க்கரைக்குப் படகில் போய் வரும் தண்ணீர் மூன்று மணி நேரம் வெயிலில் வெந்துவிடும் என்பதால், அங்கேயே புட்டியில் அயோடின் ஊற்றிவிட வேண்டும் என்பது பாசியம்மா வந்த முதல் வருடமே போட்ட சட்டம். அயோடின் கொல்லும், ஆனால் ஆளை இருந்த கோலத்தில் வைத்திருக்கும். சாட்டைகூட அப்படியே நிற்கிறதா என்று அந்த வருடமே சோதித்துப் பார்த்துத்தான் சட்டம் போட்டாள். நின்றது.

எதிர்க்கரையில் முதல் எட்டு வருடம் நீச்சல்காரிகள்தான். பதினோரு வருடத்துக்கு முன்பு திடீரென்று அவர்கள் மறைந்து பந்துகள் வந்தன. அதே வருடம்தான் அந்தப் பக்கம் பாலம் கட்டினார்கள். பாலத்தின் நிழலும் சிமெண்டுத் தூசியும் நீச்சல்காரிகளை விரட்டிவிட்டன என்று பாசியம்மா முடிவு கட்டினாள். நூலின் முப்பத்தோராம் பக்கத்தில் இது அரைப் பக்கத்துக்கு அழகாக எழுதப்பட்டிருந்தது. தலைமைப் பொறியாளர் அதில் மயங்கி, சாலைத் துறையோடு நடந்த கூட்டமொன்றில், "ஒரு பாலம் ஓர் உயிரினத்தையே துரத்தியது" என்று மேசையைத் தட்டிப் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தார்.

கோபுரத்துப் புட்டியில் அந்த வாரம் நீச்சல்காரிகள் மட்டும்தான் இருந்தார்கள், பந்து வேண்டுமென்றால் எதிர்க்கரைதான். ஆகவே செவ்வாய்க்கிழமை அவள் படகுக்காரரிடம், "அண்ணே, நாளைக்கு எதிர்க்கரையில ஒரு புட்டி மட்டும் மருந்து ஊத்தாம கொண்டாங்க. சாப்பாட்டுப் பையில ஐஸ் வெச்சுக் கொண்டாங்க" என்றாள். படகுக்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். சாதாரண நாட்களில் அவளை அம்மா என்பார். கோபம் வந்தால்தான் தங்கச்சி.

புதன்கிழமை புட்டி வந்தது. ஒரு சொட்டை எடுத்து வைத்துக் கண்ணைப் பதித்தாள். பதித்தவுடனே எடுத்துவிட்டாள். கண்ணாடிச் சில்லு முழுக்க நீச்சல்காரிகள். முன்பக்கம் இரண்டு சாட்டைகளும் விலாவில் சிவப்புக் கண்புள்ளியுமாக, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி, கடை திறந்தவுடன் நுழையும் கூட்டம் போல ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு ஒரே விளக்கம்தான் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. மாடிப்படியில் இறங்கிப் படகுத்துறைக்கே போனாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. எதிர்க்கரைக்குப் போகாம கோபுரத்துக்கிட்டயே புடிச்சிட்டீங்கதானே?"

படகுக்காரர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "என் காலப் பாரு தங்கச்சி."

முழங்கால் வரை செம்மண் சேறு காய்ந்திருந்தது. கோபுரத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் சிமெண்டுத் தளம்.

"சேறு எங்க வேணா பூசிக்கலாம்" என்றாள் பாசியம்மா.

"பூசிக்கலாம். பத்தொன்பது வருசமா வாரம் ரெண்டு தடவ பூசிக்கிட்டுதான் வரேன், உன்ன ஏமாத்தறதுக்காக. நாளைக்கு நீயே வா. நீயே புடி. நீயே தலையில வெச்சுத் தூக்கிட்டு வா."

போனாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தண்ணீரின் மேல் ஏறி உட்கார்ந்தாள். படகின் நடுவில், இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை பேர் என்பது தவிர வேறெதுவும் தனக்குத் தெரியாது என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல். எதிர்க்கரையில் அவள் முழங்கை வரை கையை விட்டுத் தானே புட்டியை நிரப்பினாள். ஐஸ் பையைத் தானே மடியில் வைத்துக்கொண்டாள். பாலம் தூரத்தில் இருந்தது. அதன் நிழல் தண்ணீரில் விழவே இல்லை. கரைமேட்டில் விழுந்து கிடந்தது.

வியாழன் பதினோரு மணிக்கு நுண்ணோக்கியில் மறுபடியும் அதே கூட்டம், அதே ஓட்டம். பாலத்துக்குப் பயந்து பதினோரு வருடத்துக்கு முன்பு ஊரைக் காலி செய்தவர்கள் எல்லோரும் சௌக்கியமாக வீட்டில் இருந்தார்கள்.

பாசியம்மாவிடம் ஒரு குணம் உண்டு. தான் சொன்னது சரி என்பதில் எவ்வளவு பிடிவாதமோ, கண்ணில் பட்டது சரி என்பதிலும் அவ்வளவே பிடிவாதம். இரண்டும் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது, மோதியதே இல்லை.

அவள் எழுந்து அயோடின் புட்டியை எடுத்து வந்தாள். ஒரு துளியை மூடுகண்ணாடியின் ஓரத்தில் விட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பழுப்பு நிறம் மெதுவாக உள்ளே கசிந்தது. முன்னால் இருந்த நீச்சல்காரி ஒருத்தி திடுக்கிட்டாள். நின்றாள். அப்புறம், சட்டையை உதறுகிறவரைப் போல, இரண்டு சாட்டைகளையும் அடியோடு உதறிவிட்டாள். அவை இரண்டு மெல்லிய நூல்களாகத் தனியே மிதந்து போயின. நீச்சல்காரி உருண்டாள், கறுத்தாள். மாவு மணி அயோடினில் கருநீலமாகி, கண்புள்ளியை மறைத்தது. ஒரே நிமிடத்தில் அங்கே கிடந்தது ஒரு பந்து. அவள் பதினோரு வருடமாக எண்ணிய அதே பந்து.

"அட பாவி" என்றாள், யாரை என்று தெரியாமல்.

புட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அயோடின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை: புளிப்பு. பதினோரு வருடத்துக்கு முன்புவரை அயோடினை அவளே கரைப்பாள். பிறகு கிடங்கிலிருந்து ஆயத்தக் கரைசல் வர ஆரம்பித்தது. 'மேம்படுத்தப்பட்டது, நீண்ட நாள் கெடாது' என்று லேபிளில் போட்டிருந்தது. கெடாமலிருக்க வினிகரின் அமிலத்தைச் சேர்த்திருந்தார்கள். அதையும் சிறிய எழுத்தில் நேர்மையாகப் போட்டிருந்தார்கள். நீச்சல்காரிக்கோ புளிப்பு ஆகாது. சட்டென்று புளிப்புப் பட்டால் சாட்டையை உதிர்த்துவிடுவாள். அந்தச் செய்தி புதிய புத்தகத்தில், அவள் ஆறு தடவை படித்த பக்கத்தில், நடுவில் இருந்தது. அவள் ஊற்றியது அயோடின் என்று நினைத்தாள், புளிப்பு என்று நினைக்கவில்லை. பழைய முறையில் கொஞ்சம் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். நீச்சல்காரி செத்தாள், ஆனால் சாட்டையோடு செத்தாள். ஆக முதல் வருடம் போட்ட சட்டம் சரி. சோதனை சரி. எண்ணியதும் சரி. சரியானவற்றையே வரிசையாக அடுக்கிப் பதினோரு வருடத் தப்பைக் கட்டியிருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த நூல் துணுக்குகள் ஞாபகம் வந்தன.

பதிவேட்டின் கடைசிப் பத்தி 'நூல் துணுக்குகள்'. புட்டியில் மிதக்கும், ஊர் பேர் தெரியாத, முடிபோன்ற மெல்லிய துண்டுகளை அவள் அதில் எண்ணி எழுதுவாள். முந்தைய மேலதிகாரி ஒருவர், "இந்தக் குப்பைய ஏம்மா எண்றீங்க? நேரம்தான் வீண்" என்று இரண்டு முறை எழுத்திலேயே சொல்லியிருந்தார். "கண்ணுல பட்டா எண்ணணும் சார். எண்ணக்கூடாதுன்னா கண்ண மூடச் சொல்லி ஆர்டர் போடுங்க" என்று அவளும் எழுத்திலேயே பதில் கொடுத்திருந்தாள். அந்தப் பத்தியைப் பிறகு யாரும் படிக்கவில்லை. அவளும் படிக்கவில்லை, எழுதினாள், அவ்வளவுதான்.

இப்போது படித்தாள். எதிர்க்கரை, புதன்: பந்து 214, நூல் 391. சனி: பந்து 96, நூல் 180. அடுத்த புதன்: 350, 655. பத்து வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை இறக்கினாள். 122, 231. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையதை இறக்கினாள். நீச்சல்காரி 240, நூல் 3.

ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு சாட்டை. அவள் உதிர்ந்த சாட்டைகளைப் பதினோரு வருடமாக, என்னவென்றே தெரியாமல், ஒன்று விடாமல் எண்ணி வைத்திருந்தாள். பாசியம்மா பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டாள். 391-ஐ இரண்டால் வகுத்தால் 195. ஆகவே நீச்சல்காரி 195, உண்மையான பந்து 19. தப்பு அவளுடையதுதான், அதைத் திருத்தும் சாமானும் அவளுடையதே. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதலில் படகுத்துறை.

"அண்ணே, நேத்து சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாங்கி என்ன பண்ணப் போற தங்கச்சி?"

"யார் மேல போடறதுன்னு பாத்தேன். வேற ஆளு கிடைக்கல. நானே வெச்சுக்கறேன்."

படகுக்காரர் கயிற்றைச் சுற்றி வைத்தார். "அந்த ஐஸ் பையத் திருப்பிக் குடுங்கம்மா" என்றார். தங்கச்சி போய் அம்மா வந்துவிட்டதால் சமாதானம் என்று அர்த்தம்.

அடுத்தது கீழ்த்தளம். அதுதான் கஷ்டம். குளோரின் சார் வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார் என்று எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தாள். அவர் சிரிக்கவில்லை. முகம் வாடிப்போனது.

"நிஜமாவே நீந்துச்சா?"

"ஒன்பது வருசமா நீங்கதானே சொல்லிட்டு இருந்தீங்க?"

"நான் கிண்டலுக்குச் சொன்னேன் பாசியம்மா! பந்து எப்படி நீந்தும்? இனிமே நான் என்னத்தச் சொல்றது?"

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. "அப்ப... ஒன்பது வருசமா நான் பந்துன்னு எழுதிக் குடுத்த நாள்ல, குளோரின முன்னாடி ஊத்தாம... ஊருக்கு என்ன தண்ணி போச்சு சார்?"

குளோரின் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்ல தண்ணிதான் போச்சு. தூரக் குழாய் திறந்தா மணல் பச்சையாகுது. முதல் மாசமே பாத்துட்டேன். அதனால அந்த நாள்ல எல்லாம் நான் முன்னாடியே ஊத்திடுவேன். நீங்க என்ன எழுதினாலும்."

"நான் என்ன எழுதினாலுமா?"

"ஆமா."

"ஒன்பது வருசமா என் சீட்ட நீங்க மதிக்கவே இல்லையா?"

"மதிச்சேன். ஒவ்வொரு நாளும் முழுசாப் படிச்சிட்டுத்தான் ஊத்தினேன்."

தப்புச் செய்ததைத் தாங்கிக்கொண்டவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. ஊர் பிழைத்தது என்று சந்தோஷப்படுவதா, தன் பேச்சைக் கேட்காததால்தான் பிழைத்தது என்று கோபப்படுவதா என்று முடிவு செய்ய மாடிப்படி முழுவதும் தேவைப்பட்டது. மேல்படிக்கு வந்தபோது இரண்டையும் செய்வது என்று தீர்மானித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தலைமைப் பொறியாளர் அறையில் மெய்ப்புத் தாள்களை வைத்தாள். கையெழுத்து இல்லை.

"முதல் கேள்வியே தப்பு சார். சாட்டை உண்டா இல்லையான்னு கேக்கக்கூடாது. அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி வேணும்."

"முன்னாடி ஒண்ணு சேத்தா எல்லா எண்ணும் மாறுமே? நாப்பத்தெட்டுப் பக்கமும் திரும்ப அடுக்கணும்."

"அடுக்கட்டும்."

"பாலம்?"

"பாலத்து மேல பழி இல்ல சார். நிழல்கூடத் தண்ணியில விழல. நேர்ல போய்ப் பாத்துட்டேன்."

தலைமைப் பொறியாளர் கைதட்டு வாங்கியவர். நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார். "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. இப்படியே போகட்டும். மத்த நிலையங்கள்ல பாதிப் பேரு அயோடினே ஊத்தறதில்ல. யாருக்குத் தெரியப் போகுது? மதியம் பன்னெண்டுக்குள்ள தாள் போகலேன்னா இது குழுவுக்குப் போயிடும். அப்புறம் அட்டையில உங்க பேரு இருக்காது. பத்தொன்பது வருச உழைப்பு."

"பாதிப் பேரு ஊத்தறதில்லன்னா மீதிப் பாதி ஊத்தறாங்க. அவங்க என் புத்தகத்தக் கையில வெச்சுக்கிட்டுத் தப்பா எண்ணுவாங்க. என் பேரப் பாத்துக்கிட்டே எண்ணுவாங்க."

"தப்ப ஒத்துக்கிட்டா, உங்க மத்த எண்ணிக்கையையும் சந்தேகப்படுவாங்க."

"படட்டும் சார். படறவங்க வந்து எண்ணிப் பாக்கட்டும். எனக்கும் துணைக்கு ஆளு வேணும்."

பன்னிரண்டு மணிக்கு அவள் மேசையில்தான் இருந்தாள். இரும்பு எண்ணி டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மாலை வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் துருப்பிடித்த லிஃப்ட் கம்பி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வருத்தமா இருக்கா?"

"இல்லையா உண்டான்னு கேட்டா, உண்டு" என்றாள். "உண்டுன்னா அடுத்த கேள்விக்குப் போகணும். தூங்கி எந்திரிச்சுப் போறேன்."

அடுத்த நான்கு மாதமும் மதியச் சாப்பாட்டு வேளையில் பதினோரு வருடப் பதிவேடுகளையும் திருத்தினாள். பழைய எண் எதையும் அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் புதிய எண்ணை எழுதினாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிகள். கூட்டலைச் சரிபார்க்க மூன்றாம் வாரத்திலிருந்து குளோரின் சார் மேலே வர ஆரம்பித்தார். கிண்டல் செய்ய விஷயம் போய்விட்டதால் கீழே தனக்குப் பொழுது போகவில்லை என்று காரணம் சொன்னார்.

பிறகு குழு வந்தது. ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பட்டதாரிகள். சிவப்பு மைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். வந்திருந்த மூத்த பெண்மணி ஒருவர் நூல் துணுக்குப் பத்தியில் விரலை வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார்.

"இத எண்ணணும்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எண்ணக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. ரெண்டு தடவ."

குழுவின் முடிவு ஒரே வரிதான்: இந்த நூலில் குழு செய்வதற்கு ஒன்றுமில்லை, எழுதியவர் பெயரிலேயே வெளியிடலாம்.

ஏழு மாதம் தாமதமாக, மெல்லிய தாளில், முந்நூறு பிரதிகள் வந்து இறங்கின. திறவுகோலின் முதல் கேள்வி பாசியைப் பற்றியதே அல்ல. 'ஒன்று: இந்தப் புட்டியில் யாராவது எதையாவது ஊற்றியிருக்கிறார்களா? ஆம் எனில், முதலில் அதை முகர்ந்து பார்க்கவும்.' முப்பத்தோராம் பக்கத்தில் பாலத்தின் இடத்தில் ஒரு பத்தி இருந்தது: 'இதை எழுதியவர் பதினோரு ஆண்டுகள் நீச்சல்காரியைப் பந்து என்று எண்ணினார். நீங்களும் அப்படி எண்ணியிருந்து, நூல் துணுக்குகளையும் எண்ணியிருந்தால், இரண்டால் வகுக்கவும். நூல் துணுக்குகளை எண்ணவில்லை என்றால், இன்றிலிருந்து எண்ணவும்.' மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.

கட்டைப் பிரித்ததும் பாசியம்மா அட்டையைக் கையில் எடுத்தாள். பெயர் இருந்தது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. குளோரின் சார், படகுக்காரர், ஒரு மணி நேர விடுப்பில் வந்திருந்த கணவர் மூவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முகம் சுருங்கியது.

"என்ன பாசியம்மா? பேரு சரியாத்தானே இருக்கு?"

"பேரு சரியா இருக்கு. பச்சைதான் தப்பு."

அட்டை நீலங்கலந்த பச்சையில் இருந்தது. அது நீலப்பச்சைப் பாசியின் நிறம். அதற்குக் கருவே கிடையாது. அது பாக்டீரியா வம்சம். இந்த நூலில் வரும் யாருக்கும் அது பங்காளிகூட இல்லை.

"யாரு கவனிக்கப் போறாங்க?" என்றார் கணவர்.

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலேயே அவர் நகர்ந்து போய்ப் பசை டப்பாவை எடுத்து வந்தார்.

அன்று மாலைக்குள் முந்நூறு பிரதிகளிலும், உள்ளட்டையில், ஒரு சின்னச் சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது. பாசியம்மா எழுதினாள், குளோரின் சார் நறுக்கினார், படகுக்காரர் பசை தடவினார், லிஃப்ட் மெக்கானிக் ஒட்டினார்.

'பிழை திருத்தம்: அட்டையின் நிறத்தை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் வேறு பச்சை.'